கொண்டை வலி

அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவள் மகள் இங்கே மரக்காணத்தில்தான் இருக்கிறாள், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்பளத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. கொண்டைக்காரி என்றால்தான் தெரியும். மேஸ்திரி "ஏம்மா கொண்டை" என்பார். நான் அக்கா என்பேன். கோபம் வந்தால் அதுவும் இல்லை, "த பாரு" என்பேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

கழுத்துக்குப் பின்னால் முடிகிற கொண்டை எங்கள் எல்லோருக்கும்தான் இருந்தது. அவள் கொண்டை உச்சந்தலையில் இருக்கும். காரணம் கூடை. ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். நாங்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவோம். கூடைக்கும் தலைக்கும் நடுவில் பழந்துணியை வளையமாகச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வோம். அவளுக்கு அவள் முடியே சும்மாடு. அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே தொங்கும். அத்தனையும் உச்சியில் போய் உட்கார்ந்தால் எந்தத் துணி அவளுக்கு வேண்டும்?

காலை ஐந்தரைக்கு வரப்பில் குந்துவாள். குனிந்து முடி மொத்தத்தையும் முன்னால் தள்ளி, ஒரு கையால் பிடித்து மறு கையால் முறுக்குவாள். முறுக்கு ஏறியதும் நுனியை என்னிடம் நீட்டுவாள்.

"இழுடி."

இழுப்பேன்.

"இன்னாடி இழுக்கிற? காலைல சோறு துன்னலயா? நல்லா இழு."

இன்னும் இழுப்பேன். நெற்றித் தோல் மேலே போகும், புருவம் மேலே போகும், கண் இரண்டும் ஓரத்தில் நீண்டுவிடும். "போதுமா?" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு "ம்ஹூம்" என்பாள். பிறகு அதை வட்டமாகச் சுற்றிப் புடவைக் கரையில் கிழித்த நாடாவால் கட்டி, மூன்று ஊசி குத்தி, மேலே நாலு தட்டு தட்டுவாள். "ம். தூக்கு" என்று எழுந்து நிற்பாள்.

நாங்கள் இருவரும் ஜோடி. நனைந்த உப்பு நிறைந்த கூடையை யாராலும் தனியாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும். அதனால் அளத்தில் எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஆறு வருஷம் அவள் தலையில் கூடையை ஏற்றியவள் நான். என் தலையில் ஏற்றியவள் அவள். அவள் தலையில் கூடை ஏறிவிட்டால் கையை எடுத்துவிடுவாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வழுக்குகிற வரப்பில், பஸ் பிடிக்கப் போகிறவளைப் போல நடப்பாள். நாங்கள் ஒரு கையால் கூடையையும் ஒரு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். அந்த நடையில் அவளுக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வலி பத்து மணிக்குத் தொடங்கும். அதற்கு அலாரம் வைத்ததுபோல ஒரு நேரம் இருந்தது. முதலில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும். அப்புறம் உச்சி. டீக்கு உட்காரும்போது ஒரு கொண்டை ஊசியை உருவி, கட்டுக்கு அடியில் விட்டு மெதுவாக நெம்புவாள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, "ஸ்ஸ்ஸ்" என்பாள். கூடையிலிருந்து சொட்டுகிற உப்புத்தண்ணீர் வேரோடு இழுபட்ட அந்தத் தோலில் இறங்கி எரியும். நெற்றிப் பொட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு அவளுக்கு முடி முளைப்பதே நின்றுபோயிருந்தது. அந்த இடம் பளபளவென்று இருக்கும்.

வேலை முடிந்து அவிழ்க்கும்போதுதான் உண்மையான கூத்து. கட்டியிருக்கும்போது வலிப்பதைவிட அவிழ்க்கும்போது அதிகம் வலிக்கும். இது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க ஒரு பக்கமாக நின்ற முடி மறுபக்கம் சாயும்போது ஒவ்வொரு வேரும் நோகும். சீப்பு கூடாது. என் விரல்தான் வேண்டும். அவள் முன்னால் உட்கார, நான் பின்னால் உட்கார்ந்து பத்து விரலையும் உள்ளே விட்டு அழுத்துவேன். கொஞ்சம் அழுத்தம் கூடினால் போதும், என் அம்மா, அப்பா, எனக்கு இனிமேல் வரப்போகிற மருமகள் வரைக்கும் திட்டு விழும். கால் மணி நேரத்தில் குரல் இறங்கும். "போயிடுச்சுடி" என்பாள். முகம் தளர்ந்து பத்து வயசு குறைந்துவிடும்.

"இன்னாத்துக்குக்கா இந்த வேதனை? எங்கள மாதிரி துணிய வெச்சிக்கினு தூக்கேன்."

"இது கொண்டை வலிடி. அவுத்தா போயிடும். காசு இல்லாம, மாத்திரை இல்லாம போற வலிக்கு எவளாவது பயப்படுவாளா?"

அவளுடைய தத்துவமே இதுதான். அவள் வாழ்க்கையில் அவிழ்த்தால் போகிற வலி அது ஒன்றுதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. புருஷன் எங்கேயோ கட்டட வேலைக்குப் போனவன் போனவன்தான். முழங்கால் வலி, கால் விரலிடுக்கில் உப்பு அரித்த புண், மகளுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டுமே என்கிற கவலை, எதற்கும் நாடா கிடையாது.

ஒரு தடவை நான் வம்பு பண்ணினேன். புதுத் துண்டு ஒன்றைச் சுருட்டி அவளுக்கென்று சும்மாடு செய்து எடுத்துப்போனேன். முடியைக் கீழே சடையாகப் போடச் சொல்லி, கையில் அடித்துச் சத்தியம் வாங்கி, துண்டை வைத்துக் கூடையை ஏற்றினேன். நாலு எட்டு போனாள். அந்தத் தலைக்குத் துணி பழக்கமில்லை. கூடை நழுவி, அத்தனை உப்பும் சேற்றில். மேஸ்திரி அங்கிருந்தே கத்த ஆரம்பித்தார். அவள் துண்டை எடுத்து என் முகத்தில் விட்டெறிந்தாள்.

"பெரிய டாக்டரு! ஒழுங்கா தூக்கி வுட்டுட்டுப் போடி."

மூன்று நாள் பேசவில்லை. ஆனால் ஜோடி மாற முடியாதே. முறைத்துக்கொண்டே அவள் தலையில் நான் ஏற்றினேன், முறைத்துக்கொண்டே என் தலையில் அவள் ஏற்றினாள். நாலாம் நாள் காலை, பேசாமல், முடி நுனியை என் பக்கம் நீட்டினாள். நானும் வாங்கி இழுத்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொரு சமயம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். இரண்டு பேரும் வேலை முடிந்து உப்புப் பூத்த காலோடு போனோம். நர்ஸம்மா நல்ல மாதிரி. இவள் தலையைப் பார்த்து அதிர்ந்துபோய்விட்டார்.

"இப்படி இறுக்கினா தலை வலிக்காம இன்னாம்மா பண்ணும்? லூசா கட்டுங்க. தோ, அந்த வரிசையில போய் பிரஷர் பாத்துக்கினு போங்க."

பிரஷர் வரிசை வாசல் தாண்டி நின்றது. எனக்குப் பசி. "வாக்கா, அதான் சொல்லிட்டாங்களே, கொண்டைதான்னு" என்று நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவளும் ஜம்பமாக நடந்துவந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களே சொல்லிவிட்டார்கள் இல்லையா! அன்றிலிருந்து அந்த வலிக்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அளத்தில் யாராவது "இன்னா கொண்டை, மூஞ்சி சுண்டியிருக்குது?" என்று கேட்டால் நானே முந்திக்கொண்டு பதில் சொல்வேன். "கொண்டை வலி. அவுத்தா போயிடும்."

அவள் மகள் வயசுக்கு வந்தபோது மூன்று நாள் லீவு போட்டாள். தழையத் தழையச் சடை பின்னி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு பந்தலில் நின்றவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மூணு நாளா தலையே இல்லாத மாதிரி இருக்குதுடி" என்று என் காதில் சொன்னாள். ஆக, சந்தேகத்துக்கு இடமே இல்லை. கட்டினால் வலி, விட்டால் இல்லை. நாலாம் நாள் வரப்பில் குந்தி நுனியை நீட்டினாள்.

அந்த மகள் வளர்ந்து கோட்டக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அது நடந்தது.

சித்திரை மாசம். விளைச்சல் கொள்ளாமல் கிடந்தது. விடிகாலையிலேயே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடையில் ஒரு மழை அடித்தால் போதும், வாரி வைத்த உப்பெல்லாம் தண்ணீர். மேஸ்திரி பைத்தியம் பிடித்தவர் மாதிரி அலைந்தார். பாத்தியோரம் கிடப்பதை மேட்டுக்கு ஏற்ற வேண்டும், மேட்டில் இருப்பதைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். யாருக்கும் டீ கிடையாது, பேச்சு கிடையாது.

எட்டு மணி இருக்கும். எனக்கு நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டு மணி சென்னை பஸ் அப்போதுதான் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தலை பொளக்குதுடி."

"மணி எட்டுதான ஆவுது? அதுக்குள்ள இன்னா?"

"தெரியல. பொளக்குது."

"அவுத்து வுடு. காலைல கண்டபடி இறுக்கின, அதான்."

அவளே அவிழ்த்தாள். நாடா தானாகக் கீழே விழுந்தது, அவள் குனிந்து எடுக்கவில்லை. தள்ளாடிப் போய் ஓலைக் கொட்டகையில் படுத்துக்கொண்டாள். வேறு யாரோ தூக்கிவிட, நான் ஒரு நடை போய்த் திரும்பும்போது எட்டிப்பார்த்தேன். முடி தரையெல்லாம் விரிந்து கிடந்தது.

"போச்சா?"

"போவலடி."

"போவும், போவும்."

அடுத்த நடையில் பார்த்தபோது வாந்தி எடுத்திருந்தாள். வெறும் வயிறு என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். குடித்தாளா என்று பார்க்கவில்லை. என் ஜோடி இல்லாமல் நான் ஒவ்வொரு தடவையும் எவளிடமாவது போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. மேஸ்திரி வேறு, "இன்னாம்மா, ரெண்டு பேரு கணக்குல ஒரு ஆளுதான் நடக்குது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குப் போய் நின்று சொன்னேன்.

"ஒரு நாளும் இல்லாம இன்னிக்குன்னு பாத்துத்தான் உனக்கு வலிக்குமா? வேல நெருக்குதுன்னா கொண்டை வலி வந்துடுது. நல்லா நடிக்கிறக்கா."

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னால் எதையாவது பார்த்தாளா தெரியாது.

"ஆமாண்டி," என்றாள்.

அது கொஞ்சம் குழறியது. குழறியது எனக்குக் கேட்டது. வாய் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து பேச்சு என்று ஒன்று வரவே இல்லை. அவள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். நடிக்கிறாய் என்றேன், ஆமாம் என்றாள்.

மழை வரவில்லை. மேகம் வடக்கே கலைந்துபோய்விட்டது. பதினோரு மணிக்கு வெயில் சுளீரென்று அடித்தபோது நாங்கள் கொட்டகைக்கு வந்தோம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை அவளுடையது இல்லை என்பதுபோலக் கிடந்தது. "அக்கா, அக்கா" என்று நான் உலுக்கினேன். ஆம்புலன்ஸ் வந்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோய், படம் எடுத்து, டாக்டர் வெளியே வரும்போது மணி இரண்டு.

"பிரஷர் எகிறிப்போய் மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. எப்போ ஆரம்பிச்சுது?"

"காலையில எட்டு மணிக்குங்க."

"எட்டு மணிக்கா? அவ்ளோ நேரம் எங்க இருந்தாங்க?"

"கொட்டகையில படுத்திருந்தாங்க."

"யாருமே பாக்கலயா?"

"நான் பாத்தேங்க," என்றேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

மகள் கடை யூனிபார்ம் சேலையோடு ஓடிவந்தாள். வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சித்தி, அம்மா எப்ப சொல்லுச்சு? எப்ப தலை வலிக்குதுன்னு சொல்லுச்சு?"

டாக்டரிடம் சொல்ல முடிந்த உண்மை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. இருபது வயசு. எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எனக்குப் பயம்.

"பதினோரு மணிக்குத்தாண்டி சொன்னா. சொன்ன ஒடனே போன் பண்ணிட்டேன்."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ பக்கத்துல இல்லன்னா எங்கம்மா இன்னா ஆயிருக்கும் சித்தி?"

அறுவை சிகிச்சைக்காக முடியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கட்டிலில் யாரோ ஒரு சின்ன உருவம் கிடப்பதுபோல இருந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும், புத்தியும் தெளிவு. அதுதான் கொடுமை. யார் வந்தாலும் மகள் அதே கதையைச் சொல்வாள். "சித்திதான் அங்கயும் இங்கயும் ஓடி ஆம்புலன்ஸ் வரவெச்சாங்க. அம்மா உசிரோட இருக்குதுன்னா இவங்களாலதான்." கட்டிலில் கிடந்தபடி அவள் அதைக் கேட்பாள். நான் சுவரைப் பார்ப்பேன்.

நான் அளத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். இப்போது சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். அங்கே முடித்துவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போவேன். குளிப்பாட்டுவேன், கஞ்சி ஊட்டுவேன், தையல் போட்ட தலையில் எண்ணெய் தடவுவேன். ஊரில் என்னைத் தங்கம் என்றார்கள். தங்கமாம்! ஒரு நாள் மகள் கடைக்குப் போயிருந்த நேரம், வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு எட்டு மணிக்கே நீ சொன்ன. நான்தான்..."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் நிறுத்தும்வரை திறக்கவில்லை. அது மன்னிப்பா, உன் கதையை நீயே சுமந்துகொள் என்பதா? பேச முடிந்தவளாக இருந்தால் நாலு கெட்ட வார்த்தையில் தெளிவாகச் சொல்லியிருப்பாள். நான் ரொம்ப நேரம் அழுதேன். அவள் இடது கை அங்கேயே, என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது அசையவில்லை.

இரண்டு வருஷம் அப்படிக் கிடந்தாள். போன தை மாசத்தில் ஒரு மத்தியானம், கஞ்சி இரண்டு கரண்டி உள்ளே போய், மூன்றாவது வாயோரம் வழிந்தது. அவ்வளவுதான்.

வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவு முறைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எண்ணெயும் சீயக்காயும் புறங்கையால் தொட்டு இறந்தவர் தலையில் மூன்று தரம் வைப்பது எங்கள் வழக்கம். முதல் உரிமை சொந்தக்காரர்களுக்கு. அவள் நாத்தனார் கிண்ணத்தை எடுக்கப் போனாள். மகள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சித்திதான் மொதல்ல."

"சொந்தக்காரங்க நாங்க இருக்கும்போது..."

"நீங்கள்லாம் எங்க இருந்தீங்க? எங்கம்மா தலை வலிக்குதுன்னு சொன்ன நிமிஷமே ஓடுனது இவங்கதான்," என்றாள். தெருவே கேட்கும்படி சொன்னாள்.

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நாத்தனார் கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போதாவது வாயைத் திற என்று எனக்குள் ஏதோ கிடந்து அடித்துக்கொண்டது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்து அம்மாவின் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வை சித்தி. எங்கம்மாவுக்கு நிம்மதியா இருக்கும்."

வைத்தேன். மூன்று தரம் வைத்தேன்.